பாஸ்போர்ட்டில் எழுதிய கார்

கல்யாணமாகி இந்தியாவில் வந்து இறங்கிய அன்று என் பாஸ்போர்ட்டில் இரண்டு முத்திரை விழுந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று என்னோடு அதே கப்பலில் வந்த காருக்கு. காரின் நிறம், கம்பெனி, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, சென்னைத் துறைமுகத்துச் சுங்க அதிகாரி அடியில் கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றி எழுதியிருந்ததைவிடக் காரைப் பற்றி எழுதியிருந்தது அதிகம். அதைக் காட்டி நான் சிரித்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தக் கார் இல்லாமல் நான் இந்த நாட்டை விட்டுப் போக முடியாது என்பதுதான் அந்தப் பக்கத்தின் அர்த்தம். அது எங்களுக்குப் புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் பினாங்கில் பிறந்தவள். அப்பா அங்கே சின்னதாக ஒரு பஸ் கம்பெனி நடத்தினார். என் அண்ணனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம், "கால் எட்டுது, ஓட்டுறா" என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார். அப்பாவின் கம்பெனியில் கணக்குப் பார்த்தவருடைய தங்கை மகன்தான் என் வீட்டுக்காரர். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் சிங்காரப்பேட்டையில் விவசாயக் குடும்பம். சென்னையில் கால்நடை வைத்தியம் படித்துவிட்டு, ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருந்த சர்க்கார் மாட்டுப்பண்ணையில் டாக்டராக இருந்தார். கல்யாணத்துக்காகப் பினாங்குக்கு வந்தார். சாதுவான மனுஷர். என் அப்பா அவரைப் பஸ் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் எஞ்சின்களைக் காட்டியபோது, மாட்டின் வாயைப் பார்ப்பதுபோலக் குனிந்து குனிந்து பார்த்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

கார் அப்பாவின் சீதனம். வெளிர்பச்சை நிறத்தில் சின்ன இங்கிலீஷ் கார். அதை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, எஞ்சினை இளக்கி, என் கையில் கொடுத்தார்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இங்கேயே தங்கறதுக்கு வந்திருக்கீங்களா, பார்த்துட்டுப் போறதுக்கா?" நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எங்களுக்கு உதவிக்கு வந்திருந்த கப்பல் ஏஜென்ட், "பார்த்துட்டுப் போறதுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் வரி கேட்க மாட்டார்கள், கொஞ்ச காலம் மலாயா நம்பரோடேயே ஓட்டலாம், அப்புறம் நிதானமாக இந்த ஊர் நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியே வந்ததும் சொன்னார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

சென்னையிலிருந்து ஓசூர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்ப் பெயர்களை அவர் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது காரைச் சுற்றி ஒரு கூட்டம். பொம்பளை ஓட்டிக்கிட்டு வருது என்று ஒருவர் தெலுங்கில் சொல்ல, இன்னொருவர் அதைக் கன்னடத்தில் யாருக்கோ சொன்னார். என் வீட்டுக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். சூளகிரி தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. ஜன்னலை ஏற்றச் சொன்னார். நான் ஏற்றவில்லை.

முதல் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்குப் போவோம். எல்லையில் செக்போஸ்ட். போகும்போது கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள். திரும்பும்போது மட்டும் போலீஸ்காரர் பின்பக்கம் திறந்து, பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் குடிக்கலாம். இந்தப் பக்கம் மதுவிலக்கு. எங்களிடம் எப்போதும் காபிப்பொடியும் ரொட்டியும்தான் இருக்கும். கொஞ்ச நாளில் எங்களைப் பார்த்தாலே அவர் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

பண்ணை பெரியது. மைல் கணக்கில் புல்வெளி, வேலி, மாட்டுக் கொட்டகைகள், நடுவே வரிசையாக ஊழியர் வீடுகள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் சிந்தி மாடுகளும் யூகலிப்டஸ் மரங்களும் தெரியும். வேறொன்றும் தெரியாது. விடியற்காலை பால் கறக்க மணி அடிக்கும்போது அவர் கிளம்பிப் போவார். சில நாள் மத்தியானம் வருவார், சில நாள் இருட்டிய பிறகு. பக்கத்து வீட்டில் ஸ்டோர் கீப்பர் குடும்பம். அந்த அம்மாள் தெலுங்குக்காரர். எதிர் வீட்டில் கன்னடம். நான் பேசும் தமிழே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மார்க்கெட்டைப் 'பசார்' என்றும் சாவியைக் 'குஞ்சி' என்றும் மலாயில் வாய் தவறிச் சொல்லிவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். பகையாக இல்லை. ஆனால் சிரித்து முடித்ததும் அவர்கள் பாட்டுக்குத் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். நான் உள்ளே போய்விடுவேன். கார் இருந்தவரை அது ஒரு பெரிய குறையாகத் தெரியவில்லை. மனசு ஒரு மாதிரி ஆனால் காரை எடுத்துக்கொண்டு ஓசூர் போய், தேர்ப்பேட்டைக் குளம் வரை ஓட்டிவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன்.

மலாயா நம்பரில் ஓட்டக் கொடுத்திருந்த கெடு முடிந்தது. ஒருநாள் ஓசூரிலிருந்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். மரியாதையான மனுஷர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வெளிநாட்டு நம்பர்ல இனிமே ரோட்ல ஓடக் கூடாதுன்னு மேலேர்ந்து கேட்டிருக்காங்க. சேலத்துல பதிவு பண்ணிட்டா எங்க வேணும்னாலும் போலாம்."

"பண்ணிடறோம் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் காரைத் தீவனக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினேன். கடலைப் புண்ணாக்கு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே சரியாக ஒரு கார் நிற்கும் இடம். அவர் தார்ப்பாயைப் போர்த்தினார். மாட்டுக்குப் போர்த்துவதுபோல நாலு மூலையிலும் கயிறு கட்டினார்.

பதிவுக்கு எழுதிப் போட்டோம். சுங்க இலாகாவின் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. சுங்கத்துக்கு எழுதினோம். பார்வையாளராக வந்தவரின் வண்டிக்குச் சான்று கிடையாது என்றார்கள். இப்படியே மாசங்கள் போயின. என் வீட்டுக்காரருக்கு அதன் பின்னால் அலைய மனசில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணைக் கட்டுவதற்கே மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. "நம்ம பேரு அடிக்கடி மேல போகக் கூடாதும்மா" என்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டதே அந்த வீட்டில்தான்.

மாதம் ஒருமுறை மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு பாய் வருவார். பெங்களூர் ரோட்டு ஓரம் மாமரத்தடியில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க அதை எடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போவார். ஒருநாள் அவர்தான் சொன்னார்.

"தங்கச்சி, ரோட்லதான ஓட்டக் கூடாது? பண்ணைக்குள்ள இருக்கறது ரோடா?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. மறுநாள் மத்தியானம், கொட்டகைப் பக்கம் யாரும் இல்லாத நேரத்தில், தார்ப்பாயை அவிழ்த்தேன். பண்ணைக்குள் மண்பாதை உண்டு. காளைக் கொட்டகையிலிருந்து கிளம்பி, புல் அறுக்கும் வயலைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பெரிய கேட்டுக்குப் போய்த் திரும்பும். அதில் ஓட்டினேன். கண்ணாடியை இறக்கி, மூன்றாவது கியர் வரைக்கும் போட்டேன். தலைமுடி பறந்தது. கேட்டுக்கு வந்ததும் காவலாளி எழுந்து நின்று கும்பிட்டான். வெளியே ஓசூர் ரோடு வெயிலில் கிடந்தது. ஒரு பாரவண்டி போனது. நான் திருப்பிக்கொண்டு மறுபடி காளைக் கொட்டகைக்கு வந்தேன். மறுபடி கேட்டுக்கு. அன்று எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. முதல் சுற்றில் இருந்த சந்தோஷம் கடைசிச் சுற்றில் இல்லை. கேட்டருகே திருப்பும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, வெளியே ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். கூண்டுக்குள் ஓடும் வண்டிக்கு வேகம் எதற்கு என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் அதுவும் நடந்தது. அப்புறம் பண்ணை சூப்பரின்டெண்ட் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். சத்தத்தில் கன்று போட்ட மாடுகள் மிரள்கின்றன, பால் குறைகிறது என்றார்.

"நெசமாவா கொறையுது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கொறையுது" என்றார். அவர் பொய் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, புறப்பட்டு வா என்று அண்ணன் அடித்திருந்தார். என் வீட்டுக்காரர் அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார், கப்பலில் இடம் போட. திரும்பி வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காரு உன் பாஸ்போர்ட்ல இருக்குதாம்."

"இருந்தா?"

"காரில்லாம உன்னை ஏத்த மாட்டாங்களாம். ஒண்ணு, காரையும் கூட ஏத்தணும். இல்லன்னா காருக்கு இங்க பதிவு ஆகியிருக்கணும்."

"அப்ப பதிவு பண்ணுங்க."

"பதிவு பண்ணணும்னா, நீ பார்வையாளரா வரல, இங்கயே குடியிருக்க வந்துட்டன்னு எழுதிக் கொடுக்கணும். திரும்பி அங்க போயி வாழற எண்ணமில்லன்னு உன் கையால எழுதி, ஒரு மாஜிஸ்திரேட் முன்னால கையெழுத்துப் போடணுமாம். அதுக்கப்புறம்தான் சுங்கச் சான்று."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள் இங்கேதானே இருக்கப் போகிறேன்? ஆனால் அண்ணனுக்கு எழுதிக் கேட்டபோது அவர் உடனே பதில் போட்டார்: 'கையெழுத்துப் போட்டுவிடாதே. இங்கே இப்போது புதுச் சட்டம். வேறு நாட்டில் குடியேறிவிட்டதாக நீயே எழுதிக் கொடுத்தால் உன்னை உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். நம் தெருவிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.'

கையெழுத்துப் போட்டால் இங்கிருந்து கிளம்பலாம். அங்கே இறங்க முடியாது. போடாவிட்டால் அங்கே இறங்கலாம். இங்கிருந்து கிளம்ப முடியாது. நான் சமையலறையில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உப்புமா தீய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை.

காரையும் கூடவே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது ஒரு வழி. பாய் அதற்கு வழி சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் காரைத் தூக்கிவைத்துக் கட்டிக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் இறக்கிவிடலாம் என்றார். நான் சரி என்றேன். பாய் போன பிறகு, என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காரும் போச்சுன்னா நீ திரும்பி வர மாட்ட."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா? கேட் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி நீ திருப்பறப்ப பாத்திருக்கறன்."

அவர் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. கோபம் வரவில்லை. நான் திரும்பி வருவேன் என்று சொல்லியிருக்கலாம். அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அங்கே பேச்சில்லாமல் கிடக்கிறார். இங்கே இந்த மனுஷர் ஈரக் கையோடு நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார்.

அடுத்த நாள், லாரி வேண்டாம், நானே சேலத்துக்குப் போய் அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவரும் கூட வந்தார். அதிகாலை பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, தொப்பூர்க் கணவாய் இறங்கி, வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம். பதிவு அலுவலகத்தில் கூட்டம். லாரி முதலாளிகள், பஸ் கண்டக்டர்கள், எல்லாரும் ஆண்கள். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"நீங்க பேசறது தமிழ்" என்றார்.

"ஆமா சார்."

"உங்க வீட்டுக்காரர் நம்ம ஜில்லாக்காரர். ஊத்தங்கரைப் பக்கம்."

"ஆமா சார்."

"ஆனா காகிதத்துல நீங்க வெளியூர். காரும் வெளியூர். ரெண்டு பேரும் ஒரே டிக்கெட்டுல வந்திருக்கீங்க." அவர் கிண்டல் செய்யவில்லை. நிலைமையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இந்தக் குடியிருப்பு உறுதிமொழி கொடுத்துட்டா ஒரு வாரத்துல நம்பர் கொடுத்துடுவேன். ஏன் தயங்கறீங்க?"

நான் சொன்னேன். அப்பாவைப் பற்றி, அண்ணன் எழுதியதைப் பற்றி, லாரியைப் பற்றி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மறந்து, கேட்டைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். லாரி முதலாளிகள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வழி இருக்குது. யாரும் அதைக் கேக்க மாட்டாங்க, அதனால நாங்களும் சொல்றதில்ல. வண்டியை சர்க்காருக்கே விட்டுடலாம். சுங்கத்துல ஒப்படைச்சிட்டா பாஸ்போர்ட்ல இருக்கற பதிவை அடிச்சிடுவாங்க. நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போறதுன்னா போலாம், வர்றதுன்னா வரலாம். ஆனா வண்டி போனது போனதுதான். ஏலத்துல யாரோ எடுப்பாங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, அதிகாரியிடம், "துறைமுகம் வரைக்கும் இவங்களே ஓட்டிட்டுப் போக முடியுமா சார்?" என்று கேட்டார்.

அதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

தற்காலிக நம்பர் கொடுத்தார்கள். மத்திகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை, குறிப்பிட்ட பாதையில் மட்டும், குறிப்பிட்ட தேதிகளுக்குள். பாய் ஒரு தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் அந்த நம்பரை எழுதி, மலாயா நம்பரின் மேல் கம்பியால் கட்டினார். எஞ்சின் எண்ணெய் மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார். கூலி வாங்கவில்லை. "உங்கப்பாவுக்கு என் சலாம் சொல்லு தங்கச்சி" என்றார். அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

கேட்டைக் காவலாளி திறந்தான். ஓசூர் ரோட்டில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். சூளகிரி வரை ஏற்றவில்லை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குக் கீழே ஊத்தங்கரைப் பாதை பிரிகிறது. அது என் மாமியார் வீட்டுக்குப் போகும் வழி. அந்தக் காரில் ஒருமுறை ஊருக்கு வர வேண்டும் என்று மாமியார் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஏதேதோ காரணத்தால் தள்ளிப் போனது. இப்போது அந்தப் பக்கம் திருப்ப எனக்கு அனுமதி இல்லை. என் வீட்டுக்காரரும் அந்தப் பாதையைப் பார்த்தார். நேராகப் போனேன். அவ்வளவு தூரம் ரோடு கையில் இருந்தும், தண்டவாளத்தில் போவதுபோலத்தான் இருந்தது.

வாணியம்பாடி தாண்டி ஒரு புளியமரச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். இறங்கி என் பக்கம் வந்து, "கொஞ்ச தூரம் நான் ஓட்டறன். சொல்லிக்குடு" என்றார்.

இத்தனை நாள் கேட்காதவர். க்ளட்ச் எது, பிரேக் எது என்று சொன்னேன். வண்டி துள்ளித் துள்ளிப் போய் நின்றது. மறுபடி கிளப்பினார். வேர்த்து வழிய, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். எதிரே ஒரு லாரி வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கஷ்டமான வேலைதான்" என்றார்.

"பழகிட்டா ஒண்ணுமில்ல."

"எனக்குப் பழகாது. மாடு பரவால்ல." அப்புறம், சாலையைப் பார்த்தபடியே, "நீ வரலைன்னாலும் நான் யாரையும் கோவிச்சுக்க மாட்டன்" என்றார்.

நான் கதவைத் திறந்து சுற்றி வந்து, அவரை நகரச் சொல்லிவிட்டு, ஓட்ட ஆரம்பித்தேன்.

துறைமுகத்தில் சாவியை வாங்கிக்கொண்டவர் இளைஞர். கார்க் கதவைத் திறந்து பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்களே" என்று பாராட்டினார். பாஸ்போர்ட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, முத்திரை குத்தினார். சின்ன வேலை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய ஷெட்டில் வரிசையாக நின்ற மற்ற வண்டிகளோடு அதையும் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் எஞ்சினைக் கிளப்பவில்லை. நான் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

கப்பல் பினாங்கில் சேர்ந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பேச்சு வரவில்லை, கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. இடது கையைத் தூக்கி, காற்றில் ஸ்டீரிங் பிடிப்பதுபோல வட்டம் போட்டுக் காட்டினார். கார் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நல்லா இருக்குன்னு சொல்லிடு என்று. என்னால் முடியவில்லை.

"சர்க்காருக்கு விட்டுட்டேன்ப்பா. அதை விட்டாத்தான் வர முடியும்னு சொன்னாங்க."

அப்பா கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் வைத்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். பலம் இருந்தது அந்தக் கையில்.

மூன்று மாதம் இருந்தேன். அப்பா தேறினார், ஊன்றுகோலோடு நடக்கவும் சில வார்த்தைகள் பேசவும் செய்தார். அண்ணன் இங்கேயே இருந்துவிடு என்றார். பாஸ்போர்ட் சுத்தமாக இருந்தது, இருந்திருக்கலாம். அந்த மூன்று மாதமும் தினமும் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் டிக்கெட் வாங்கினேன். ஏன் என்று அண்ணன் கேட்டார். வேர்க்க வேர்க்க ஒரு மனுஷர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? "போகணும்" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரியாகவும் இல்லை. அதே வேலி, அதே யூகலிப்டஸ், விடியற்காலையில் அதே மணி. தீவனக் கொட்டகையில் கார் நின்ற இடத்தில் புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சில நாள் மத்தியானத்தில் மூச்சே முட்டும். வாசலில் நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர் ஓசூரிலிருந்து ஒரு பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சைக்கிளின் கழுத்தில் பித்தளை வில்லை தொங்கியது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் பஞ்சாயத்தில் லைசென்ஸ் வேண்டும்.

"உம் பேர்லதான் போட்டிருக்கறன்" என்றார்.

"எந்த ஊருன்னு கேக்கலையா?"

"கேட்டான். மத்திகிரின்னன். எழுதிக்கிட்டான்."

ஸ்டோர் கீப்பர் வீட்டு அம்மாள் பின்னால் பிடித்துக்கொள்ள, பழகினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கேட்டைத் தாண்டிப் போவதைப் பண்ணையே வந்து பார்த்தது. ஓசூருக்குப் போகும்போது சரிவு. காற்று முகத்தில் அடிக்க இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது மேடு. பாதி வழியில் இறங்கி, காய்கறிப் பையோடு, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.